குட்டிகளை எந்த வாசலில் விடுவது?

பொங்கலுக்கு முன்பு வெள்ளையடிக்க ஏணி போட்ட அன்றுதான் தெரிந்தது. பரணில் கொலு பொம்மைப் பெட்டிக்குள் கையை விட்டவர், பொம்மை ஒன்று அசைகிறது என்று கத்திக்கொண்டே இறங்கிவிட்டார். தசாவதார செட்டுக்கும் செட்டியார் பொம்மைக்கும் நடுவே, வைக்கோலில், நான்கு பூனைக்குட்டிகள். இரண்டு சாம்பல் நிறத்தில் வரி போட்டவை, ஒன்று செவலை, ஒன்று அடுப்புக்கரி. கண் இன்னும் திறக்கவில்லை. பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது.

தாய், எங்கள் மேற்கு மாம்பலம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த, யாருக்கும் சொந்தமில்லாத பூனை. “ஏழு வீடு மாற்றும், தானே தூக்கிக்கொண்டு போய்விடும், நீ கண்டுகொள்ளாதே” என்றார் அம்மா. அது வீடு மாற்றவில்லை. பரணை விட்டு, மாடிப்படிக்கு அடியில் கிடந்த வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டிக்குக் குடிமாறியது, அவ்வளவுதான்.

குட்டிகளைக் கொடுக்க வழி என்று பார்த்தால் நிறைய இருக்கிறது. மீன் மார்க்கெட்டில் விடலாம், காப்பகத்தில் ஒப்படைக்கலாம், தத்து முகாமுக்கு எடுத்துப் போகலாம், இணையத்தில் படம் போடலாம், சொந்தக்காரர்களிடம் தரலாம், கிராமத்துக்கு அனுப்பலாம், இருந்த தெருவிலேயே விடலாம், நாமே வைத்துக்கொள்ளலாம். இவற்றில் சிலவற்றை நானே செய்து பார்த்தேன். மற்றவற்றைச் செய்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் என் கையில் இருந்த தராசு, ‘யார் வாங்கிக்கொள்வார்கள்?’ என்பது. அது தப்பான தராசு. வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது சிரமமே இல்லை. செவலைக் குட்டிக்கு ஒரே மாலையில் பதினேழு பேர் கேட்டார்கள். ‘அந்த வீட்டில் சரிப்படாமல் போனால் குட்டி என்னிடம் திரும்பி வருமா?’ என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான், எந்த வழி எதற்கு உதவும் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

எப்போது கொடுப்பது

வழிக்கு முன்னால் நாள். குட்டிகளுக்கு நான்கு வாரம் ஆனதும் அக்கம்பக்கத்தார் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சின்னதாக இருக்கும்போதே எடுத்தால்தான் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. மனிதக் கைக்குப் பூனைக்குட்டி பழகும் காலம் ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. ஆனால் அது யாருடைய கை என்பது முக்கியமில்லை. அந்த நாட்களில் நான் தினமும் தூக்கிக் கொஞ்சி, மிக்சி ஓடும் சத்தத்துக்கும் அழைப்புமணிக்கும் பழக்கி வைத்தால், பத்தாவது வாரத்தில் போகிற வீட்டிலும் அது மனிதர்களிடம் வரும். அதே நாட்களில் தாயும் உடன்பிறப்புகளும் கற்றுக்கொடுக்கிற ஒன்று இருக்கிறது. அதை நம்மால் கற்றுத்தர முடியாது. விளையாட்டுக் கடிக்கு எல்லை எது என்பது. நான்கு வாரத்தில் தனியே பிரிந்த குட்டி பல வீடுகளில் கையைக் கிழிக்கும் பூனையாக வளர்வது இதனால்தான். ‘கடிக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள்’ என்ற புகாரின் விதை அங்கே விழுகிறது.

எட்டு வாரம் முடியாமல் கொடுக்கக் கூடாது. பத்து, பன்னிரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. ஆறு முதல் எட்டு வாரத்தில் மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி முதல் தவணை, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. முதல் தவணையாவது நம் வீட்டில் முடிந்திருக்க வேண்டும்.

வயதைத் தேதியை வைத்து மட்டும் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் நிறுக்கும் தராசில் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, அதில் குட்டியை உட்கார்த்தி ஞாயிறுதோறும் நிறுத்தேன். பிறக்கும்போது சுமார் 100 கிராம், பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் ஏறும். சாம்பல் குட்டிகளில் சின்னது 340 கிராமிலேயே நின்றுவிட்டது. வயிறு மட்டும் பலூன் மாதிரி. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிப் போனேன். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. காலையில் போய்ச் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வேண்டும், எனக்கு முன்னால் ஓர் ஆடு. வயிற்றில் பூச்சி என்றார்கள். மருந்து கொடுத்த மறு வாரமே முள் நகர்ந்தது. யாரோ அன்போடு பசும்பால் வைத்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்; பூனைக்குட்டிக்குப் பசும்பால் செரிக்காது, பேதியில் ஒரே நாளில் வற்றிவிடும். தாய் இல்லாத குட்டி என்றால் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவுதான்.

சாக்குப்பை வழி

மீன் மார்க்கெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல மனிதர்கள் செய்வது இது. சாக்கில் கட்டி, பஸ்ஸில் நாலு ஸ்டாப் தள்ளிப் போய், மார்க்கெட்டிலோ கோயில் மண்டபத்திலோ அவிழ்த்து விட்டுவிடுவது. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத இடம் என்று மனசுக்குச் சமாதானம். அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் இடம் கொடுக்காது, நாய்கள் விடாது, தலையும் வாலும் எறியும் நேரம் குட்டிக்குத் தெரியாது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினி கிடந்து வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு ஒரு பிளேட் பொங்கல் அதைவிட அதிகம். சட்டத்துக்குப் பயந்து யாரும் நிற்கப் போவதில்லை. ஆனால் என் தராசில் வைத்தால் இந்த வழிக்கு எடையே கிடையாது. போன குட்டி திரும்பாது. என்ன ஆனது என்று கேட்கவும் ஆள் இல்லை.

காப்பகமும் முகாமும்

சென்னையில் விலங்கு நலம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், கிண்டியில் வேளச்சேரி சாலையில் இருக்கிறது. இதுபோன்ற இடங்களில் கொண்டுபோய் விட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். எந்தக் காப்பகத்தையும் நான் குறை சொல்லவில்லை. வண்டியில் அடிபட்டதும், தாய் செத்துத் தனியானதும், கிணற்றில் விழுந்ததும் போய்ச் சேரும் இடம் அது. ஆரோக்கியமாகத் தாயோடு இருக்கும் நான்கு குட்டிகளை அங்கே சேர்ப்பது, ஜலதோஷத்துக்கு ஐசியூவில் படுக்கை கேட்பது மாதிரி. குட்டிகளுக்கும் அது ஆபத்து. பேன்லூக்கோபீனியா என்று ஒரு வைரஸ் இருக்கிறது. தடுப்பூசி முடியாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். பல இடங்களிலிருந்து பூனைகள் வந்து சேரும் எந்தக் கட்டடத்திலும், எவ்வளவு கழுவினாலும், அந்தப் பயம் உண்டு. காப்பகத்திடம் கேட்க வேண்டியது இடம் அல்ல. கருத்தடைக்கு நாள், பொறி வைக்கும் கூண்டு இரவல், தத்து அறிவிப்பில் நம் குட்டிகளின் படத்துக்கும் ஓர் இடம். குட்டிகள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், விளம்பரத்துக்கு உதவுகிறோம் என்று சொல்லும் காப்பகம் உங்களைத் தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள். சரியான யோசனையைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த வழி தத்து முகாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு திருமண மண்டபத்தில் நடந்த முகாமுக்கு நால்வரையும் கூடையில் எடுத்துப் போனேன். நாய்க்குட்டிகளின் குரைப்பு, ஒலிபெருக்கி, செல்ஃபி எடுக்கும் பிள்ளைகள். என் மடியில் ஏறி மீசையை முகரும் கருப்பு, துண்டுக்கு அடியில் போய் மதியம் மூன்று மணி வரை வெளியே வரவே இல்லை. பார்த்தவர்கள், இது பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று நகர்ந்துவிட்டார்கள். நாய்க்கு முகாம் பொருந்தும், பூனைக்குப் பொருந்தாது. பூனையின் குணம் அதன் இடத்தில்தான் தெரியும். நடத்தியவர்கள் பொறுப்பானவர்கள், அடையாள அட்டை நகல் வாங்கினார்கள், படிவம் நிரப்பச் சொன்னார்கள். ஆனாலும் பத்து நிமிடத்தில் முடிவெடுக்கும் இடம் அது. குழந்தை அடம்பிடிக்கிறது என்பதற்காகக் கையெழுத்துப் போட்ட தகப்பனாரை அங்கே பார்த்தேன். நால்வரையும் வீட்டுக்கே திருப்பி எடுத்து வந்துவிட்டேன். முகாமில் கிடைத்த லாபம், பின்னால் வீட்டுக்கு வந்து பார்க்கிறோம் என்று எண் வாங்கிப் போன இரண்டு குடும்பங்கள்.

பதினேழு பேர்

இணையத்தில் படம் போடுவதுதான் இன்று எல்லோரும் முதலில் செய்வது. வலை பெரிது. அதனால் கசடும் பெரிது. வந்த செய்திகளில் முக்கால்வாசி ஒரே வரி: “குட்டி இன்னும் இருக்கிறதா?” இருக்கிறது என்றதும், “எங்கே வந்து வாங்கிக்கொள்வது?” இடையில் ஒரு கேள்வியும் இல்லை. வெள்ளையா, நீளமுடியா என்று கேட்டவர் உண்டு. மருமகளின் பிறந்தநாளுக்கு ஆச்சரியப் பரிசாக வேண்டும் என்று கேட்டவர் உண்டு. மருமகளே வந்து கேட்கட்டும் என்றேன், பதில் இல்லை. ஆண் குட்டிதான் வேண்டும், பெண் என்றால் குட்டி போடும் என்பவர்கள்தான் அதிகம். ஆண் பூனைக்கும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் ஆறாவது மாதம் சோபாவிலும் திரைச்சீலையிலும் மூத்திரம் பீய்ச்ச ஆரம்பிக்கும், பெட்டை தேடி மூன்று தெரு தாண்டும் என்று விளக்கியதில் பாதிப் பேர் காணாமல் போனார்கள்.

ஆணா பெண்ணா என்பதைச் சரியாகப் பார்த்து எழுதுங்கள். வாலைத் தூக்கினால் ஆணுக்கு இரண்டு புள்ளி, நடுவில் இடைவெளி விட்டு, முக்காற்புள்ளி மாதிரி. பெண்ணுக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒட்டினாற்போல ஒரு சின்னக் கோடு, தலைகீழாகக் கவிழ்த்த ஆச்சரியக்குறி. மூன்று நிறம் கலந்திருந்தால் அநேகமாகப் பெண். செவலையில் பெரும்பாலும் ஆண். கருப்பை நான் ஒரு மாதம் ‘அவன்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

‘இலவசம்’ என்ற சொல்லைப் போடாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். சரிதான். ஆனால் பூனைக்குட்டிக்குக் காசு கேட்பது நம் ஊரில் இரு பக்கமும் கூச்சம். அதற்குப் பதில் நான் வைத்த நிபந்தனை: குட்டியை எடுத்துப் போகக் கூடை நீங்கள் வாங்கி வர வேண்டும், அது கழிப்பதற்கு மண் தட்டும் மண்ணும் வாங்கி வைத்த படத்தை முந்தின நாள் அனுப்ப வேண்டும். சில நூறு ரூபாய்ச் செலவுதான். அந்தச் செலவைச் செய்யாதவர் தடுப்பூசிக்கும் செய்ய மாட்டார். பதினேழில் நால்வர் மிஞ்சினார்கள்.

பிறகு வீட்டைப் பார்ப்பது. முகம் தெரியாதவர் வீட்டுக்கு எப்படிப் போவது என்று தயங்கினால் வீடியோ அழைப்பாவது வேண்டும். நான் பார்த்தது பால்கனி. சென்னை அடுக்ககங்களில் பால்கனிக்குப் புறாவலை கட்டியிருப்பார்கள். அதைக் காட்டி, பாதுகாப்பாக இருக்கிறது என்பார்கள். புறா உள்ளே வராமலிருக்கக் கட்டிய நைலான் அது. வளர்ந்த பூனை ஒரு மூலையைக் கடித்து விட்டால் போதும். இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; கீழ் விளிம்பில் கை நுழைந்தால் குட்டியும் நுழையும்.

செவலை இந்த வழியில்தான் போனது. ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர், மூன்றாவது மாடி, கம்பிவலை அடித்த ஜன்னல், குட்டி கேட்பவர்களிடம் கேட்க நான் வைத்திருந்த பதினான்கு கேள்விக்கும் பதினான்கு நல்ல பதில். பத்தொன்பதாவது நாள் அழைத்தார். வீட்டு உரிமையாளர் பார்த்துவிட்டார், பிராணி வளர்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம், வீடா பூனையா என்கிறார். என் பதினான்கு கேள்விகளில் அது இல்லை. அவரையும் நான் கோபிக்கவில்லை, ஏனென்றால் ஒன்றைச் சரியாகச் செய்தார்: என்னை அழைத்தார். கொடுக்கும்போது சொல்லியிருந்தேன், எந்தக் காரணமானாலும், நள்ளிரவானாலும், என்னிடமே கொண்டு வாருங்கள், ஏன் என்று கேட்க மாட்டேன் என்று. கேட்கவில்லை. எந்தத் துண்டில் சுற்றிக் கொடுத்தேனோ அதே துண்டில், துவைத்து மடித்து, வந்து சேர்ந்தது.

கடை என்ற வழியை ஒரு வரியில் முடிக்கலாம். தெருப்பூனைக் குட்டியைப் பெரும்பாலான கடைகள் எடுப்பதில்லை, எடுத்தாலும் யாருக்கு விற்றார்கள் என்பது நமக்குத் தெரியாது. 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி கடை, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது தனி விஷயம்.

தெரிந்தவர் வாசல்

தெரிந்தவர்களிடம் கொடுப்பதில் ஒரு பொறி உண்டு. முகத்துக்காக வாங்கிக்கொள்வார்கள். சித்தி வீட்டில், நீ சொன்னால் சரி என்றார்கள். அந்தச் ‘சரி’யில் பூனை இல்லை, நான்தான் இருந்தேன். முகத்துக்காக வாங்கியவர் திருப்பித் தரவும் முகம் பார்ப்பார். பிடிக்காமலே இரண்டு வருடம் வைத்திருந்து, பிறகு ஒரு நாள் அது எங்கோ போய்விட்டது என்பார். அதனால் சொந்தத்தில் ஒரு விதி வைத்தேன்: நானாகக் கேட்பதில்லை, அவர்களாகக் கேட்டால் மட்டும்.

அப்படிக் கேட்டவர் நங்கநல்லூரில் இருக்கும் பெரியப்பா. ஓய்வுபெற்ற தம்பதி, மகன் வெளிநாட்டில், தரைத்தள வீடு. ஒன்று போதும் என்றார். இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோது, தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று நினைத்தார். இரண்டு குட்டிகளுக்கு ஆகும் உழைப்பு ஒன்றுக்கு ஆவதைவிடக் குறைவு. இதை அனுபவிக்காதவர்கள் நம்ப மாட்டார்கள். ஒன்று என்றால் இரவு இரண்டு மணிக்கு உங்கள் கால் விரல்தான் அதற்கு விளையாட்டுத் தோழன். இரண்டு என்றால் ஒன்றை ஒன்று துரத்திக் களைத்து உறங்கும். சாம்பல் நிற இரண்டும் சேர்ந்து போயின. ‘வயதானவர்களுக்கு இளம் குட்டி கூடாது, பூனை பதினைந்து வருடம்கூட இருக்குமே’ என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். நியாயமான கேள்வி. பெரியப்பாவே அதைக் கேட்டு, பதிலும் சொன்னார்: எங்களுக்கு முடியாமல் போனால் உன்னிடம்தானே வரும். எழுதி வாங்கிய எந்தப் படிவத்தைவிடவும் அந்த வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

கிராமத்து வழியும் தெரிந்தவர் வாசல்தான். திண்டிவனத்துக்கு அருகே அத்தை வீட்டில் எலித் தொல்லை, நான்கையும் அனுப்பு என்றார்கள். திறந்த வெளி, மரம், களஞ்சியம் என்று கேட்க நன்றாக இருக்கும். எட்டு வாரக் குட்டி எலி பிடிக்காது. பெருச்சாளி அதைப் பிடிக்கும். எலிமருந்து வைக்கும் பழக்கம் உள்ள ஊரில், மருந்து தின்ற எலியைத் தின்ற பூனையும் போகும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு வேறு. எலி பிடிக்கத்தான் வேண்டும் என்றால், ஐந்தாறு மாதம் ஆன, கருத்தடை முடிந்த, தெருவில் அடிபட்டுத் தேர்ந்த பூனை இரண்டை அனுப்பலாம், முதல் மூன்று வாரம் ஓர் அறையில் அடைத்துப் பழக்கும் பொறுமை அத்தைக்கு இருந்தால். அத்தைக்கு இல்லை.

கருப்பு

நான்கில் கடைசியாக மிஞ்சியது கருப்பு. கருப்புப் பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும் ஊர் இது. படம் எடுத்தால் இரண்டு கண் மட்டும் தெரியும். கேட்டவர் மூவர். ஒருவர் அமாவாசைக்கு முன் கிடைக்குமா என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, எண்ணைத் தடுத்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா ஒரு நாள் துணியைக் கொடுக்கும்போது, “தம்பி, அந்தக் கருப்பியை எனக்குக் கொடுக்கிறாயா?” என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் தயங்கினேன். என் பதினான்கு கேள்விகளில் பத்துக்கு அவர் வீடு தேறாது. ஒற்றை அறை, ஜன்னலுக்கு வலை இல்லை, வாசல் நேராகத் தெருவில். தடுப்பூசிக்கு என்ன செய்வார், பூனை உணவு எங்கே வாங்குவார் என்று மனம் பட்டியல் போட்டது. அவர் என் முகத்தைப் படித்துவிட்டார் போல. பெட்டியைத் தணலோடு ஓரமாக வைத்துவிட்டு, கருப்பு வழக்கமாக எத்தனை மணிக்கு மாடிப்படியில் வந்து உட்காரும், எந்த நாய்க்குப் பயப்படும், எந்த நாயை அறையும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எட்டு வாரமாக நான் வளர்த்த குட்டியை அவர் அதே எட்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கேள்விப் படிவம் எதற்கு? குட்டியைப் பார்த்துக்கொள்வார்களா என்று தெரியாதவர்களிடம் ஊகிப்பதற்கு. கண்ணெதிரே நாள் முழுக்க இருப்பவரிடம் ஊகம் தேவையில்லை. கம்பிவலை அடித்த ஃபிளாட்டில் காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை தனியாகப் பூட்டப்பட்ட குட்டிக்கும், வண்டிக்கு அடியில் துணி மூட்டை மேல் படுத்து, பெயர் சொன்னால் தலைதூக்கும் குட்டிக்கும் எது பத்திரம் என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. வண்டிகளின் ஆபத்து தெருவில் நிஜம். அதை மறைக்க மாட்டேன். இரவில் உள்ளே வைத்துப் பூட்டுவேன் என்று அக்கா சொன்னார், பூட்டுகிறார். தடுப்பூசியையும் அறுவை சிகிச்சையையும் நான் ஏற்றேன். வழக்கமான கிளினிக் ஊசிக்கு 900 ரூபாய் கேட்டது. வேப்பேரி வரிசையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை, அரை நாள் ஆனது.

எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். அடுத்த ஊசி தேதி, அறுவை சிகிச்சை மாதம், என் எண், அதற்குக் கீழே இரண்டே எச்சரிக்கை: காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துவிடும், நாய்க்கு உண்ணி போகத் தடவும் மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். மற்றதெல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம்.

தாய்

குட்டிகளுக்கு வீடு தேடும் மும்முரத்தில் தாயை விட்டுவிட்டால், எத்தனை நல்ல வீடு பிடித்தாலும் ஓட்டைக் குடத்தில் நீர். பூனையின் சினைக்காலம் சுமார் 63 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். பெட்டைக் குட்டியே நான்காவது மாதத்தில் சினைப்படலாம். எங்கள் பூனையை, குட்டிகள் தாங்களாகச் சாப்பிடத் தொடங்கிப் பால் வற்றிய ஒன்பதாவது வாரத்தில் பிடித்தேன். இரவல் கூண்டு, உள்ளே நெத்திலிக் கருவாடு, மேலே பழைய வேட்டி. முதல் நாள் கருவாட்டைக் கூண்டின் கதவு விழாமலே இழுத்துத் தின்றுவிட்டுப் போனது. இரண்டாம் நாள் பக்கத்துத் தெருக் கடுவன் மாட்டியது. அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. மூன்றாம் நாள்தான் இது. அறுவை சிகிச்சை முடித்து, மறுபடி யாரும் பிடித்து அறுக்காமலிருக்க இடக்காது நுனியில் சின்னதாக வெட்டி அனுப்பினார்கள்.

தெருவிலேயே விடுவது என்ற வழி இதற்குத்தான் பொருந்தியது. மனிதக் கையை அனுமதிக்காத, மூன்று வயதுப் பூனையை வீட்டுக்குள் அடைப்பது அதற்கு வீடு அல்ல. அதன் இடம் அந்தத் தெரு. கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டு, இரண்டு வேளை யார் சாப்பாடு வைப்பது என்று மூன்று வீடுகள் பேசி முடித்தோம். பழகிய குட்டிகளுக்கு இதே வழியைச் சொல்ல மாட்டேன். மனிதரைக் கண்டால் ஓடாத குட்டி நாயைக் கண்டாலும் ஓடாது.

நாமே வைத்துக்கொள்வது என்ற கடைசி வழிக்கு அம்மா பலமுறை வாதாடினார், ஏழு வீடு மாற்றும் என்று சொன்ன அதே அம்மா. வீட்டில் ஏற்கெனவே ஒரு கிழட்டுப் பூனை இருக்கிறது, சிறுநீரகம் பழுதாகி மாதம் ஒரு முறை குளுக்கோஸ் ஏறுகிறது. புதிதாக ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொண்டால், திரும்பி வரும் குட்டிக்கு வைத்திருக்கும் மாடி அறை நிரம்பிவிடும். அந்த அறை காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

இப்போது அதில் செவலை இருக்கிறது. ஐந்து மாதம் ஆகிறது, அறுவை சிகிச்சையும் முடிந்தது. குட்டி முகம் போய்விட்டது, அதனால் பதினேழு பேரெல்லாம் கேட்பதில்லை. முகாமில் எண் வாங்கிப் போன பல்லாவரத்துத் தம்பதி ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறார்கள். கூடையையும் வீட்டு உரிமையாளரின் எண்ணையும் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். பதினைந்தாவது கேள்வி.